கூப்பிட்டால் திரும்புகிறவர்

கோர்ட் வராந்தாவில் பின்னாலிருந்து யாரோ மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மில்லுக்காரர் சட்டென்று திரும்பிவிட்டார். நாலு ஆள் முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் திரும்பவில்லை. காதில் விழாதவள்போலப் படியிறங்கிப் போனாள். இவர்தான் கழுத்தை வளைத்து நின்றார். கூப்பிட்ட பத்திரிகைக்காரன் கையில் போனோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேஸ் போட்டது வேறொரு பெயரில். முன்பு வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதற்காக அவள் போட்ட கேஸ். பெயரை மறைப்பது இவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“தப்பு பண்ணவன் நிமிந்து நடக்குறான். நீ ஏன்டி முக்காடு போடணும்? உண்மைன்னா சொந்தப் பேர்ல போடு!” என்று வீட்டில் கத்தினார்.

“பேரு பேப்பர்ல வந்தா இந்தப் புது வேலையும் போயிடும்ப்பா. அப்புறம் கேஸை வாபஸ் வாங்கிட்டு மூலைல உக்காந்துடுவேன். அவனுக்கு வேண்டியது அதுதான்.”

மகளின் வக்கீலம்மா சொன்னபடி, உறவு யாருக்கும் தெரியாமலிருக்க இவர் தனியாக வந்தார், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். வக்கீல் என்று யாரையும் அவர் நம்புவதில்லை; நம்பாமலே சொன்னதைக் கேட்டார். இன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “உண்மை இருந்தால் சொந்தப் பெயரில் வரட்டும்” என்று முழங்கினபோது, தான் வீட்டில் கத்தினதே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரை மறைக்கலாமா என்பதற்கான உத்தரவை நீதிபதி தள்ளிவைத்தார். அதுவரைக்கும் பெயர் வெளியே வரக்கூடாது.

வராந்தாவில் பத்திரிகைக்காரன் நெருங்கி வந்தான். அந்தப் பெயர் அவனுக்கு எங்கோ கிடைத்திருக்கிறது; சரிதானா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான்.

“உங்க பொண்ணா பெரியவரே?”

“எவ?”

“இப்ப கூப்பிட்டேனே. திரும்பினீங்களே.”

மில்லுக்காரர் இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டு விரல் இல்லை.

“மரமில்லுல ரம்பத்துகிட்ட நின்னவன்யா. எவன் எவளக் கூப்பிட்டாலும் திரும்புவேன். ஒருவாட்டி திரும்பல. அதுக்கு இது கூலி.”

“இங்க எதுக்கு வந்தீங்க?”

“வேலித் தகராறு. தீத்து வைக்கிறியா? புண்ணியமாப் போகும்.”

அவன் சிரிக்கவில்லை. “அந்தப் பேர்ல உங்களுக்கு யாரும் இல்லையா?”

மில்லுக்கு மரம் ஏற்றிவந்த லாரியின் நெற்றியில் எழுதியிருந்த பெயர் அது. டிரைவரைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். பிடித்துப்போய்ப் பிள்ளைக்கு வைத்தார். லாரிப் பேரையா பிள்ளைக்கு வைப்பார்கள் என்று மனைவி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

“யாரும் இல்ல,” என்றார். “கேள்விப்பட்டதே இல்ல.” பல்லில் மரத்தூள் அரைபடுவதுபோல இருந்தது.

பஸ்ஸில் மகள் முன்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் பை. இவர் ஏறினார். பின்படியில் பத்திரிகைக்காரனும் தொற்றினான்.

“முன்னாடி போங்க பெரியவரே, இடம் இருக்கு,” என்றார் கண்டக்டர்.

“நிக்கிறேன்யா. கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

மீதி மூன்று விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் போயிருக்கும். பின்னாலிருந்து மறுபடியும் அந்தப் பெயர் வந்தது, மெதுவான குரலில், தூண்டிலை நழுவவிடுவதுபோல. இப்போது திரும்பாவிட்டால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

மில்லுக்காரர் நிதானமாகத் திரும்பினார்.

“என்னய்யா?”

அவன் குனிந்து போனைப் பார்த்தான். இவர் முன்பக்கம் பார்த்தபோது மகள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கையை மட்டும் நீட்டிப் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான அந்த இடம் மேடுபள்ளத்துக்கெல்லாம் குலுங்கிக்கொண்டே வந்தது.