கடைசி ஆள் மூடும் கதவு

சுதர்ஷன் பூட்டியிருந்த அறைக் கதவின் கைப்பிடியை இரண்டாம் முறை திருகியபோது, நிரஞ்சனி அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி வழுக்கியது. முடிச்சு நிற்கவில்லை.

"நிரா, சாவி எங்க?"

"எதுக்கு அண்ணா?"

"இந்த சோஃபாவ எல்லாம் உள்ள தள்ளணும்லா. பெட்டி வந்துடும். ஹால்ல எடம் எங்க இருக்கு?"

"கார் போர்ச்ல போடுங்க."

"மழை வந்தா?"

"நனையட்டும்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கதவை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சோஃபாவின் ஒரு முனையைத் தூக்க வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டான். நிரஞ்சனி மறுபடி முடிச்சுப் போட்டாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், சட்டைக்குள், வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டாவது சாவி கிடையாது. இருக்கக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்று.

ஆயர் குரோவில் வரிசை வீடுகளில் ஒன்று அது. கீழ்த்தளத்தில் சமையலறைக்கு அடுத்திருந்த சின்ன அறைக்குள், அவள் அங்கே வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து வேறு யாரும் போனதில்லை. வேலை கொடுத்தவர்கள் கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய ஒருவர் கதவையும் பூட்டையும் சன்னலையும் சோதித்துவிட்டுப் போனார். திரைச்சீலையை விலக்கக் கூடாது. கைப்பேசியை உள்ளே எடுத்துப் போகக் கூடாது. கணினிக்கு இணையம் கிடையாது. முடித்த வேலையை ஓர் ஆள் நேரில் வந்து வாங்கிப் போவார். அவள் செய்வது கடற்படைக் கையேடுகள். பிரெஞ்சில் வருவதை ஆங்கிலத்தில் தரவேண்டும். வால்வுகள், அழுத்தமானிகள், மின்கலத் தொகுதிகள், தீ அணைக்கும் முறைகள், யார் எப்போது யாருக்கு என்ன கட்டளை தருவது என்பவை. ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல்தான். முதல் பக்கத்தில் எது வந்ததோ அதுவே கடைசிப் பக்கத்திலும் வரவேண்டும். அலுப்புத் தட்டுகிறதே என்று மாற்றிப் போட்டால், எங்கோ ஓர் இளைஞன் அதை வேறொரு கருவி என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பான்.

பிரான்சில் படித்துவிட்டுத் திரும்பியவளுக்கு இது போதுமா என்று பலர் கேட்டார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று தடவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் கிடைத்தது. போதுமா என்று அவள் யோசிக்கவில்லை. சாவியைத் திருப்பி உள்ளே போனதும் தோள்கள் தாமாகக் கீழே இறங்கும். அதை மட்டும் கவனித்திருக்கிறாள்.

இன்று காலையும் அப்படித்தான் இறங்கின. கையேட்டின் கடைசி அத்தியாயம். நாளைக் காலையில் ஆள் வரும். நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் சிக்கிக்கொண்டால் உள்ளிருப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும் முறை. இரண்டு கதவுள்ள ஒடுங்கிய குழாய் அது. பிரெஞ்சில் சாஸ். ஆங்கிலேயர் எஸ்கேப் டவர் என்பார்கள், அமெரிக்கர் எஸ்கேப் டிரங்க். இவளுக்குத் தந்த சொற்பட்டியல் ஆங்கிலேயருடையது. ஒருவன் குழாய்க்குள் ஏறியதும் கீழே நிற்பவன் கீழ்க்கதவை மூடவேண்டும். பிறகு நீர் ஏறும், அழுத்தம் சமமாகும், மேல்கதவு திறக்கும். கடைசி ஆளுக்கு மூடிவிட யாரும் இல்லை. அவன் தானே மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிரெஞ்சில் மூன்றே வினைச்சொற்கள். பயந்துபோனவன் மங்கிய வெளிச்சத்தில் படிக்கப்போகும் வரி. ஆங்கிலத்திலும் அதே அளவு சுருக்கமாக வரவேண்டும். ஒரு சொல் மிகையானாலும் மூச்சு வீண்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. ஒரே ஒரு தட்டு.

அம்மா அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. அக்கம்பக்கத்தார் வந்தால், "நிரா வேலையில இருக்கா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஏதோ காற்றென்று நிரஞ்சனி நினைத்தாள். அல்லது அப்படி நினைக்க விரும்பினாள். இரண்டாவது வினைச்சொல்லைப் போட்டாள், அழித்தாள், வேறொன்று போட்டாள். பிறகுதான் எழுந்தாள். அம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல.

"அப்பா போயிட்டாரு நிரா."

கொஞ்சம் கழித்து, அப்பாவின் முகத்தைத் துடைக்கும்போது, நிரஞ்சனி கேட்டாள். "ஏம்மா திரும்பத் தட்டல?"

அம்மா கிருஷ்ணவேணி துணியைப் பிழிந்தாள். "இனிமே என்ன அவசரம்?"

பெட்டி வந்தது. அப்பா கனகலிங்கத்தை வேட்டி சால்வையோடு கிடத்தினார்கள். அலோர் காஜா நில அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் வந்து, கார்களை எங்கே நிறுத்துவதென்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். கிருஷ்ணவேணியைத் தலைமாட்டில் உட்காரவைத்திருந்தார்கள். வந்த பெண்கள் எல்லோரும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. கையை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி விட்டதும் அடுத்தவள் எடுத்துக்கொண்டாள்.

சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அணைந்த அடுப்பின் முன்னால் சுதர்ஷனும், அப்பாவின் தங்கை ஜனகா மாமியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பெட்டியை எடுக்க வந்த நிரஞ்சனியைப் பார்த்ததும் மாமி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நல்ல நேரத்தில வந்தாய் பிள்ளை. இப்பதான் கதைச்சம்."

"எட்டாம் நாள் காரியம் முடியட்டும்," என்றான் சுதர்ஷன். "அப்புறம் அம்மாவ அந்த ரூமுக்கு மாத்திடலாம். படி ஏற வேணாம். பாத்ரூம் பக்கத்துல. ஏசி இருக்கு. நீ ஹால்ல மேசை போட்டுக்க."

"ஹால்ல செய்ய முடியாது. ரூம் இல்லன்னா அந்த வேலையே இல்ல."

"அப்படி என்னதான் செய்யிற உள்ள? கேட்டா சொல்ல மாட்ட. நான் ஷா ஆலாம்ல எல்லாருக்கும் தங்கச்சி சிஐஏன்னு சொல்லி வெச்சிருக்கேன்." தானே லேசாகச் சிரித்துவிட்டு, ஹாலை எட்டிப் பார்த்து, சிரிப்பை விழுங்கினான்.

"வேலை போனாப் போகுது," என்றாள் மாமி. "அண்ணன் இருக்கிறான்தானே. நீ கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்குள்ள இருந்தா ஆர் உன்ர அம்மாவைப் பார்க்கிறது? இன்னும் ஒரு கிழமை போனா சனம் வராது. பிறகு நீயும் அவவும்தான்."

"நானும் அம்மாவும்தான்," என்றாள் நிரஞ்சனி.

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவள் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியது இருந்தது. பகலெல்லாம் ஒருவரும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத இடம் இந்த வீட்டில் அந்த அறை ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் சடலம் ஹாலில் கிடக்கும்போது சொல்லக்கூடிய விஷயமா அது? சொல்லாமல் விட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மாமி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சடங்குக்குச் சுண்ணப்பொடி இடித்தார்கள். தேவாரம் பாடினார்கள். பெட்டி மூடப்பட்டதும் ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மின்சுடலைக்கு அவர்கள் போவதில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் ஜனகா மாமி வாளியும் துடைப்பமுமாக நின்றாள். ஹால் கழுவப்பட்டது. எல்லோரும் தலை முழுகினார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கையும் ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்து, பக்கத்தில் பாய் போட்டு, ஈரத் தலையோடு கிருஷ்ணவேணியை மறுபடி உட்காரவைத்தார்கள்.

வேலை முடிந்து நேராக வருபவர்கள் இப்போதுதான் வரத் தொடங்கினார்கள். பள்ளித் தோழி ஒருத்தி, கோயில் பெண்கள், யாரென்றே தெரியாத சிலர்.

"அழுதிடு வேணி. உள்ளுக்குள்ள வெச்சிக்கக் கூடாது," என்று ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய பக்கமெல்லாம் கிருஷ்ணவேணி அசைந்தாள்.

பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ருக்கையா பெரிய பாத்திரத்தோடு வந்தாள். "நிரா, இந்தாம்மா, பிடி பிடி, சுடுது. எல்லாம் சைவம். சட்டி கூடப் புதுசு. எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய நீ பாக்கணுமே, கோழி இல்லாம ஒரு வேளைன்னு. நான் சொன்னேன், கனகலிங்கம் அண்ணனுக்காக ஒரு நாள் மாடு மாதிரி இலை தழை தின்னுங்கன்னு." பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஹாலை எட்டிப் பார்த்தாள். "அக்காவ யாராச்சும் சும்மா விடுங்களேன். காலையிலேர்ந்து அவங்க கை அவங்ககிட்டயே இல்ல."

நிரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள். பாத்ரூமுக்கு என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது. ஆனால் பாத்ரூம் பக்கம் போகாமல், பூட்டிய அறைக் கதவருகே வந்து நின்றாள். நிரஞ்சனி அருகே போனாள்.

"இது உள்ளேர்ந்து பூட்டுமா?"

"பூட்டும்மா."

"வெளியேருந்து திறக்க முடியாதே?"

"சாவி இல்லாம முடியாது."

அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்தக் கதவை மூடியிருக்கிறாள் என்று நிரஞ்சனி யோசித்துப் பார்த்தாள். அப்பாவுக்காகப் படுக்கையறைக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று குளியலறைக் கதவையும் அவள் தாழிட்டதில்லை.

முடியாது, உள்ளே யாரும் வரக் கூடாது என்று சொல்லலாம். விதி அது. அண்ணனிடமும் மாமியிடமும் அதைச் சொல்லத்தான் அவள் நாள் முழுக்கத் தயாராக இருந்தாள்.

சங்கிலியைக் கழற்றினாள். உள்ளே போய்த் தாள்களை அள்ளி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திரையில் கடைசி ஆளின் வரி பாதியில் நின்றது. மூன்றாவது வினைச்சொல் இன்னும் வரவில்லை. கணினியை அணைத்தாள். நாளை வரும் ஆளிடம் என்ன சொல்வது, முடியவில்லை என்றா, அறைக்குள் ஒருவர் வந்துவிட்டார் என்றா? இரண்டில் எதைச் சொன்னாலும் அடுத்த கையேடு வராது.

கிருஷ்ணவேணி வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். மேசை, நாற்காலி, இழுத்து மூடிய திரைச்சீலை. "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டினாள். நிரஞ்சனி அவள் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள்.

"நீ போ."

அம்மா கையை நீட்டினாள். நிரஞ்சனிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் பின்னால் பூட்டு நிதானமாகத் திரும்பியது.

வாசலில் புதிதாக மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜனகா மாமி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "எங்க பிள்ளை உன்ர அம்மா? சனம் வந்து நிக்குது."

நிரஞ்சனி விளக்கைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பாய் இன்னும் ஈரமாயிருந்தது. வந்தவர்களில் பருமனான ஒரு பெண் சிரமப்பட்டு முழங்காலிட்டு, அவள் கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டு உடைந்து அழத் தொடங்கினாள். மோதிரங்கள் விரலில் அழுந்தின. பூட்டிய அறைக்குள் திரைச்சீலை வளையங்கள் கம்பியில் இழுபடும் ஓசை, பிறகு சன்னலின் கொக்கி தூக்கப்படும் ஓசை. அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை நிரஞ்சனி கையை எடுக்கவில்லை. அவள் விட்டதும் அடுத்தவள் எடுத்துக்கொண்டாள்.