புதுப் போர்டு பேசவில்லை

பட்டறையில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் அந்த ஒருத்தி, அதாவது புருஷனின் தங்கை, நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் கூரியர்காரர் வரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணியும் நாத்தனாருமாக, குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி செய்து விற்றார்கள். புரோகிராம் எழுதுவது அண்ணி. ஈயம் உருக்கிச் சாலிடர் வைப்பது, சாமான் வாங்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் நாத்தனார். இரண்டு வருஷமாக இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. அதுவே அண்ணிக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று காலை, அவர்களுடைய வாடிக்கையாளரான கோழிப் பண்ணைக்காரம்மாவின் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டு கருகிவிட்டது. உள்ளே அறுநூறு முட்டைகள், பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சுகள் வெளியே வர வேண்டும். அந்தம்மா கருகிய போர்டை ஆட்டோவில் கொடுத்தனுப்பிவிட்டு, பல்புகளைக் கையால் போட்டும் அணைத்தும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் வரைக்கும் சமாளிப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது" என்று போனில் சொல்லியிருந்தார்.

வேலை என்னவோ சின்னதுதான். புதுப் போர்டைக் கணினியில் செருகி, புரோகிராமை ஏற்றி, அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினால் முடிந்தது. அண்ணி செருகினாள். போர்டில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் மென்பொருள், போர்டு எதுவும் இணைக்கப்படவில்லை என்று சாதித்தது. கேபிளை மாற்றினாள். செருகும் இடத்தை மாற்றினாள். ரீசெட் பொத்தானை அழுத்தினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஒன்றுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. போகிற போக்கில் கருகின போர்டைச் செருகிப் பார்த்தால், அதை மட்டும் மென்பொருள் உடனே கண்டுபிடித்துப் பெயரைக் காட்டியது. அதனால் என்ன பயன்? பல்புகளுக்குப் போகும் இணைப்புக் கால் எரிந்துபோய் அது எதற்கும் உதவாத நிலையில் இருந்தது.

"இந்தப் போர்டெல்லாம் எங்க வாங்கின?" என்று கேட்டாள் அண்ணி.

"வழக்கமான கடையில ஸ்டாக் இல்லைன்னு சொன்னேனே அண்ணி. வேற கடையில பன்னெண்டு வாங்கினேன்."

"போலியா இருக்கும்."

"செக் பண்ணித்தான் வாங்கினேன், என் லேப்டாப்ல." நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். "வேணும்னா அதுலயே ஏத்திடட்டுமா? புரோகிராமை மட்டும் அனுப்புங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அண்ணிக்கு மூக்கில் வியர்த்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், அண்ணி டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது நாத்தனார் அவளுடைய கணினித் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "சும்மா அண்ணி" என்றாள். உலகத்தில் சும்மா நடந்த காரியம் எது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. அதே வாரம் நாத்தனார் பல் டாக்டரிடம் போகிறேன் என்று அரை நாள் லீவு போட்டாள். பல்லைக் காட்டப் போகிறவளுக்கு இஸ்திரி போட்ட உடுப்பு எதற்கு? அதற்குப் பிறகு ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள். நடிப்பு என்றால் இப்படியல்லவா நடிக்க வேண்டும்!

அண்ணி சும்மா இருக்கவில்லை. அவள் புருஷன் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவன். "பட்டறைக் கம்ப்யூட்டர்லேர்ந்து யாரும் எதையும் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று அவனிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பத்து நிமிஷம் தட்டினான். "ஆச்சு" என்றான். யாரும் என்றால் யார் என்று அவன் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்ததே இரண்டு நாற்காலிதான்.

இப்போது எல்லாம் கோர்வையாகப் புரிந்தது. பென் டிரைவ் வழி அடைபட்டுவிட்டது. ஆகவே பேசாத போர்டுகளை வாங்கிவைத்து, அவசரம் வரும்வரை காத்திருந்து, லேப்டாப்பை நீட்டுகிறாள். அங்கிருந்து புரோகிராம் எந்தக் கம்பெனிக்குப் போகுமோ! திட்டத்தின் அழகைப் பார்த்து அண்ணிக்கு நாத்தனார்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"வேண்டாம். இதுலயே வரும்" என்றாள்.

வரவில்லை. போர்டுக்கான டிரைவர் மென்பொருளை இரண்டு முறை அழித்து நிறுவினாள். இன்னும் மூன்று புதுப் போர்டுகளைச் செருகிப் பார்த்தாள். சாதனப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது. அதைத் திறந்து படிக்க அவளுக்குத் தோன்றவில்லை. குற்றவாளி யாரென்று தெரிந்தபின் படிக்க என்ன இருக்கிறது?

பதினொரு மணிக்குப் பண்ணைக்காரம்மா கூப்பிட்டார். கை ஒழியாததால் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"நல்ல வேளை, உங்க நாத்தனார் அன்னைக்கு உங்க ஸ்கிரீன்ல இருந்த சூட்டுக் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பி வெச்சாங்க. அதைப் பாத்துப் பாத்துத்தான் பல்பு போட்டுக்கிட்டிருக்கேன். இல்லைன்னா இந்நேரம் அத்தனையும் போயிருக்கும். சீக்கிரம் அனுப்புங்கம்மா."

அண்ணிக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிஷம்தான். சந்தேகம் அவ்வளவு லேசில் வீட்டைக் காலி செய்யாது. அங்கே ஒரு போட்டோ போயிற்று, சரி. வேறு எங்கெல்லாம் எத்தனை போயிற்றோ?

பதினொன்றரைக்கு அவளால் அடக்க முடியவில்லை. "நேராவே கேக்கறேன். இந்தப் போர்டுல என்ன பண்ணி வெச்ச?"

நாத்தனார் சாலிடர் இரும்பைத் தாங்கியில் வைத்தாள். "என்ன கேக்கறீங்க அண்ணி?"

"உன் லேப்டாப்ல வேலை செய்யுது, என் கம்ப்யூட்டர்ல செய்யலை. அது எப்படி? என் புரோகிராம் வேணும்னா வாயைத் திறந்து கேக்கறதுதானே?"

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸை வாங்கி, அந்த மஞ்சள் முக்கோணத்தை இரண்டு முறை தட்டினாள். சின்னதாக ஒரு சன்னல் திறந்தது. அதில் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"இந்தப் புதிய சாதனத்தை நிறுவ, கணினியின் நிர்வாகி தடை விதித்திருக்கிறார்." பிறகு திரும்பினாள். "முன்னாடி செருகினதெல்லாம் வேலை செய்யும். புதுசா எது வந்தாலும் வெளியவே நிக்கணும். அப்படிப் பூட்டியிருக்கு. நிர்வாகி யாரு அண்ணி?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "பென் டிரைவுக்குத்தான்... அதுக்கு மட்டும்னு நெனச்சுத்தான் உங்கண்ணன்கிட்டச் சொன்னேன்."

"யாரோட பென் டிரைவுக்கு?"

அண்ணி மேஜையில் கிடந்த கேபிளைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அண்ணனுக்கும் தெரியுமா?" என்றாள் நாத்தனார், மெதுவாக.

"சேச்சே. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

பூட்டை எடுக்கும் கடவுச்சொல் புருஷனிடம் இருந்தது. அவன் போன் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டாக இருந்தது. அண்ணி வேறு வழியில்லாமல் புரோகிராமைத் தன் கையாலேயே மின்னஞ்சலில் அனுப்பினாள். இரண்டு வருஷ உழைப்பு நாத்தனாரின் மேஜைக்குப் போய்ச் சேர ஆறு நொடி ஆயிற்று. லேப்டாப் புதுப் போர்டை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஏற்றி, சோதித்து, பெட்டியில் வைத்து, ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள் நாத்தனார். ஒரு மணிக்குள் சூடு நிலைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. பண்ணைக்காரம்மா போனிலேயே அழுதுவிட்டார்.

நாத்தனார் லேப்டாப்பை அண்ணி பக்கமாகத் திருப்பினாள். கோப்பை அழித்தாள். மின்னஞ்சலை அழித்தாள். குப்பைத் தொட்டியைத் திறந்து அங்கேயும் அழித்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? நான் ஒண்ணும்..."

"இருக்கட்டும் அண்ணி. இன்னும் பதினோரு போர்டு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் அனுப்புங்க. ஏத்திட்டு உங்க கண் முன்னாடியே அழிச்சுடறேன்."

அண்ணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. புருஷன். காலையிலிருந்து ஸ்பீக்கரிலேயே போட்டுப் பேசிப் பழகிய விரல் இப்போதும் அதையே அழுத்தியது.

"என்ன, இத்தனை மிஸ்டு கால்?"

"அந்தப் பூட்டை எடுத்துடுங்க."

"ஏன்?" புருஷன் சிரித்தான். "திருடி மாட்டிக்கிட்டாளா?"

அறை முழுக்கக் கேட்டது. அண்ணி போனைப் பார்த்தாள். ஸ்பீக்கரை அணைக்க ஒரு விரல் அசைந்தால் போதும். அவள் அணைக்கவில்லை.

"மாட்டிக்கிட்டா" என்றாள். "உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கறது அவதான்."

நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது போர்டை எடுத்து லேப்டாப்பில் செருகினாள்.

"அனுப்புங்க அண்ணி" என்றாள்.