மாமா வாங்கிய மைக்

அக்காவின் கணவர் எதையும் காதால் கேட்டு வாங்கியவர் இல்லை. விலைச்சீட்டைப் பார்ப்பார், எது அதிகமோ அதுதான் உசத்தி. அக்காவின் முதல் மேடைக் கச்சேரிக்கு மைக் வாங்க மச்சினியையும் கடைக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு வருடமாக ஒலிப்பதிவே அவள் தொழில். அழைத்துப் போனதோடு சரி, அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாமா, இது ஸ்டுடியோ மைக். மூடின ரூம்ல மூச்சுகூட அழகா விழும். மேடையில வெச்சா இருமல், தும்மல் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுடும்."

"நல்ல மைக்னா நல்லா கேக்கத்தானே செய்யும்?" என்றார், பெரிய கண்டுபிடிப்பு போல. கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

இவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் கச்சேரியன்று தன் பழைய மேடை மைக்கையும் பையில் போட்டுக்கொண்டாள்.

அரங்கில் ஒலியமைப்பும் அவள் பொறுப்புதான். ஒலியைக் கொஞ்சம் ஏற்றியதுமே ஸ்பீக்கர் ஊளையிட்டது. குறைத்தாள். "இவ்வளவு பெரிய மைக்கை வெச்சுக்கிட்டு ஏன் பயந்து சாகறே? ஏத்து!" என்று அதட்டிவிட்டு, மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊளைக்கு ஒரு நூல் முன்னால்வரை ஏற்றி வைத்தாள்.

முதல் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. அவர் பக்கத்திலிருந்த தபலாக்காரரிடம் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இவளுக்கு எங்க சுருதி நிக்குது? ஏதோ என் மைக் காப்பாத்துது."

நான்கு ஸ்பீக்கரிலும் தெளிவாக வந்தது. ஒலியைக் குறைக்கும் பொத்தான்மேல்தான் மச்சினியின் விரல் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவரோ வேறு யாரோ பேசியதுபோல் கூரையைப் பார்த்தார்.

அக்காவின் முகம் வெளுத்தது. மைக்கைத் தானே கழற்றி, கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. உங்களுக்குத்தான் இது தேவை."

தங்கை பழைய மைக்கை மாட்டினாள். அடுத்த பாட்டின் தொடக்கத்தில் அக்காவின் குரல் கோபத்தில் நடுங்கியது; ஓரிடத்தில் பிசகவும் செய்தது. பிறகு நிமிர்ந்து நின்று பாடி முடித்தாள்.

வாசலில் அவர் போவோர் வருவோரிடமெல்லாம், "மைக்ல ஏதோ ஃபால்ட்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஃபால்ட் இல்ல மாமா. நீங்க சொன்னதை அப்படியே சொல்லுச்சு," என்றாள் மச்சினி.

அவர் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கையின் வேனில் ஏறி, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"வண்டியை எடு."

எங்கே என்று கேட்காமல் தங்கை எடுத்தாள்.