இடுப்பில் மூன்று தையல்

மகளைப் படிக்க அனுப்பிய அன்று, பேருந்தின் ஜன்னலோரம் நின்று தையல்காரி சொன்ன கடைசி வார்த்தை, "உடம்பைப் பார்த்துக்கோ" என்பதுதான். எல்லாத் தாய்மாரும் சொல்வது. ஆனால் இவள் எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்பது மகளுக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற தகப்பனுக்கும் தெரியும். கேட்க ஆளில்லை என்று கண்டதையும் தின்று ஊதிவிடாதே என்பதன் சுருக்கம் அது. தகப்பன் மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மகளின் பைக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைச் செருகினான்.

மகள் பிறந்தபோதே கொழுகொழுவென்று இருந்தாள். "பந்து" என்று செல்லப் பெயர் வைத்தது தகப்பன்தான். டவுன் பஸ் ஓட்டுபவன். வேலை முடிந்து வந்து படியேறும்போதே "பந்து எங்கே, பந்து எங்கே" என்று குரல் கொடுப்பான். குடியிருப்பு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து வயதுவரை அவளும் உருண்டு வந்து அவன் காலில் மோதுவாள். அதற்குப் பிறகு ஒருநாள் உருண்டு வருவதை நிறுத்தினாள். பெயரை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

தையல்காரிக்கு மகள் மேல் ஆசை இல்லாமல் இல்லை. மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய அவளுடைய தையல் கடையில், அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெண்களைத் தினமும் பார்த்தாள். கண்ணாடி முன் நின்று சட்டென்று முகம் சுருங்குகிறவர்களைப் பார்த்தாள். தன் மகள் இன்னொருத்தியின் அளவு நாடாவுக்கு முன்னால் அப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தாள். அதனால் வீட்டில் இரண்டாம் முறை பரிமாறுவதில்லை. பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சியில் ஏறியது. "போதும் எழுந்திரு" என்பது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி கேட்ட வாக்கியம்.

மகள் சேர்ந்தது கட்டடக்கலைப் படிப்பு. அட்டையை வெட்டி ஒட்டி வீடுகளும் பாலங்களும் செய்ய வேண்டிய படிப்பு. சின்ன வயதிலேயே தீப்பெட்டிகளை அடுக்கி மாடி கட்டுகிறவள்தான். முதல் பருவத்தில் அவள் செய்த சிறிய நூலகத்தின் மாதிரி வகுப்பிலேயே சிறந்ததாக வந்தது. அன்று அவளே வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, என்னோட மாடலுக்குத்தான் ஃபர்ஸ்ட். காட்சிக்கு வெச்சிருக்காங்க."

"அப்படியா, நல்லது, நல்லது. சரி, காலையில என்ன சாப்பிட்ட? அந்த எண்ணெயில பொரிச்சதெல்லாம் தொடுறதில்லையே?"

"இல்லம்மா. தொடுறதில்ல."

முதல் விடுமுறைக்கு வந்தபோது மகளின் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தியிருந்தாள். தையல்காரி அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்! ரெண்டு விரல் குறைஞ்சிருக்குங்க!"

அன்றைக்கே கடைக்கு அழைத்துப் போய், ஸ்டூலில் ஏற்றி, இடுப்புப் பட்டையைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் மகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சாவிக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள். மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அம்மா தன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த விடுமுறையிலும் அதே பேண்ட், இன்னொரு தையல். இந்த முறை புதுச் சட்டையும் கிடைத்தது. தையல்காரியின் தங்கை, மகளுக்குச் சித்தி, வந்து, "என்னடி, பந்துல காத்து எறங்கிப் போச்சு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மகள் வெயில் நேரத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. குளியலறைச் சாக்கடை வாயில் முடி பந்து பந்தாக அடைத்தது. அதை எடுத்துப் போட்டது தகப்பன்.

"புள்ள ரொம்ப எளைக்கிற மாதிரி தெரியுது. போதும்னு சொல்லேன்" என்றான் மனைவியிடம்.

"உங்க கண்ணே பட்டுடும் போல. இத்தனை வருஷம் வாயைக் கட்டுன்னு நான் கத்தினேன், கேட்டாளா? இப்பதான் அவளுக்கே புத்தி வந்திருக்கு. கெடுத்துடாதீங்க."

அந்த வீட்டில் உடம்பு, உடுப்பு சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் இலாகா.

மூன்றாம் விடுமுறையில் நடந்ததுதான் தையல்காரியைப் பின்னாளில் தூங்கவிடாமல் செய்தது. மகள் வழக்கம்போல் ஸ்டூலில் ஏறினாள். ஏறியவள் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாடாவை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது தையல்காரியின் விரல்கள் முதுகெலும்பில் இடறின. துணிக்கு அடியில் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. அவள் கை நின்றது. எத்தனையோ உடம்புகளைத் தொட்ட கை. இது மெலிவு இல்லை, வேறு ஏதோ என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"ஏண்டி, வயித்துவலி ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா."

"ஒழுங்காச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்."

இன்னொரு கேள்வி அவள் தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் நுழைந்த சித்தி, "அம்மாடி! விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரியே இருக்காளே! என் மக கிட்டயும் ரகசியத்தைச் சொல்லிக் குடு" என்றாள். தையல்காரியின் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. கேள்வியை விழுங்கிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். மூன்றாவது தையல் விழுந்தது.

விடுதியிலிருந்து போன் வந்தபோது அவள் ஒரு பள்ளிச் சட்டையின் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பேசியது மகளோடு அறையில் தங்கும் பெண்.

"ஆண்ட்டி, பயப்படாதீங்க. மாடிப்படியில மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நீங்க கொஞ்சம் வந்தா நல்லது."

தகப்பன் பாதி ஷிஃப்டில் வண்டியை இன்னொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தான். தினம் தினம் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனால் அன்று இன்னொருவன் ஓட்டும் வண்டியில் உட்கார முடியவில்லை. கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தேடியது.

மகள் கட்டிலில் தட்டையாகக் கிடந்தாள். போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் ஒரு திரையில் அவளுடைய இதயத்தின் மெதுவான நடையைக் காட்டின. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அவர்களை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"ரொம்ப நாளாவே சரியாச் சாப்பிடலை. சாப்பிட்டதாச் சொல்லிட்டுச் சாப்பிடாமலே இருந்திருக்கா. இது பிடிவாதம் இல்ல, நோய். எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

தகப்பன் தெரியாது என்று தலையாட்டினான். தையல்காரிக்குத் தெரியும். ஒவ்வொரு தையலாகச் சொல்ல முடியும். வாய் திறந்தவளால் அழத்தான் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து மகள் எழுந்து உட்கார்ந்தபோது தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு. பசிக்கலையா உனக்கு?"

"பசிச்சுதும்மா. எப்பவும் பசிச்சுது." மகள் சுவரைப் பார்த்தபடி பேசினாள். குரலில் கோபமே இல்லை. "ஆனா ஊருக்கு வந்தா நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட. வேற எதுக்கும் நீ அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று தையல்காரி பிறகு கணவனிடம் சொன்னாள். "சண்டை போட்டிருந்தாக்கூட நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆத்தியிருப்பேன். கணக்கு வாத்தியார் விடை சொல்ற மாதிரி சொல்லிட்டா."

அந்த ஆண்டு படிப்பை நிறுத்தி மகளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மருத்துவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் பேசக் கூடாது. குறைவாகத் தின்றால் கெஞ்சக் கூடாது, நிறையத் தின்றால் மெச்சவும் கூடாது. வேறு எதையாவது பேசுங்கள் என்றாள்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் வேறு பேச்சே இருந்ததில்லை என்று. முதல் சில நாள் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தகப்பன் வாயைத் திறந்தான். அலமாரிக் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிய ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டிக்கெட் எடுக்காமல் போகப் பார்த்ததைச் சொன்னான். தூங்கிவிட்டுக் கடைசி நிறுத்தத்துக்கும் முதல் நிறுத்தத்துக்கும் மாறி மாறிப் போன பெரியவரைப் பற்றிச் சொன்னான். நடந்தது தீர்ந்ததும் புளுகவும் ஆரம்பித்தான். மகளுக்கு அது தெரியும். "அப்பா, இது பொய்தானே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வாய் எடுத்து வைப்பாள்.

அவன் அவளைப் பந்து என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். "பாப்பா" என்றான். பழக்கமில்லாத பெயர் என்பதால் கூப்பிடும்முன் ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கம் கடைசிவரை போகவில்லை.

தையல்காரிக்குத்தான் கதை சொல்ல வரவில்லை. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகள் பாதித் தட்டை ஒதுக்கினால் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் தன் வாயிலிருந்து ஏதாவது வந்தாலும் கேட்காது என்று.

கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்த சமயம் சித்தி வந்தாள். வாசலிலேயே, "அடடே, கன்னம் திரும்ப வந்துடுச்சே! இனிமே பயமில்ல, பழையபடி பந்து ஆயிடுவா" என்றாள்.

தையல்காரி தங்கையின் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள். "கொஞ்ச நாளைக்கு இங்க வராத."

"நல்லதுதானேக்கா சொன்னேன்? உன் பொண்ணை நான் சபிச்சேனா?"

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலை. நான் சொன்னதைத்தான் சொல்ற. அதான் என்னால கேக்க முடியல."

தங்கை கோபித்துக்கொண்டு போனவள் போனவள்தான். வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வாசலில் சொன்ன வார்த்தையும் தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. அன்று மாலை மகள் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. பல வாரம் ஏறிய ஏற்றம் இரண்டு நாளில் சரிந்தது. மறுபடி மருத்துவர், மறுபடி முதலிலிருந்து.

அடுத்த ஆண்டு அவள் படிப்புக்குத் திரும்பினாள். முழுக்கக் குணமாகி அல்ல, சமாளிக்கக் கற்றுக்கொண்டு. அந்த ஊரிலேயே வாராவாரம் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். தனக்கு வேண்டிய உடுப்பைக் கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டாள். அம்மாவின் ஸ்டூலில் அவள் மறுபடி ஏறவே இல்லை. தையல்காரியும் கூப்பிடவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்தாள்.

படிப்பு முடியும் ஆண்டில் மாணவர்களின் மாதிரிகளைப் பெற்றோர் பார்க்க அழைத்திருந்தார்கள். தகப்பனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தையல்காரி தனியாகப் போனாள். மகள் செய்திருந்தது முதியோர் தங்குவதற்கான ஒரு கட்டடம். தீக்குச்சி அகலக் கைப்பிடிகள், நகம் அளவு ஜன்னல்கள். தையல்காரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவு நுணுக்கம் அவளுக்குப் புரியும். வேறு வேலையில் அவளும் அதையே செய்தாள். இதை முன்பே பார்த்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

பிறகு இருவரும் கல்லூரி கேண்டீனில் உட்கார்ந்தார்கள். மகள் தனக்கு ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டாள். ஸ்வெட்டர் கைக்கு வெளியே மணிக்கட்டு தெரிந்தது. அது போதுமான மணிக்கட்டா இல்லையா என்று தையல்காரியால் கணிக்க முடியவில்லை. கையெல்லாம் அளந்து பார்க்கத் துடித்தது. மேசைக்கு அடியில் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

மகள் கவனித்துவிட்டாள். "கேக்கணும்னா கேளும்மா."

தையல்காரி கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் படிக்கட்டு ஏன் அங்க வளைஞ்சு போகுது? நேரா வெச்சிருக்கலாமே?"

மகள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு காகிதக் கைக்குட்டையை விரித்து, முட்டைத் தட்டை நகர்த்திவிட்டு, பேனாவால் வரைய ஆரம்பித்தாள். வயதானவர்களுக்கு நேர்ப்படி பயம் தரும் என்றாள். பாதியில் ஒரு ஜன்னல் வைத்தால் மூச்சு வாங்க நிற்பது வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கும், யாருக்கும் வெட்கமாக இருக்காது என்றாள். பேசப் பேச அவள் முகம் சிவந்தது. நடுவில் ஒரு விள்ளல் ரொட்டி உள்ளே போனது. முட்டை ஆறிக்கொண்டிருந்தது. ஆறுகிறது என்று சொல்லத் தையல்காரியின் நாக்கு துடித்தது. "ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

திரும்பும் ரயிலில் கணவன் போன் செய்தான்.

"பாப்பா எப்படி இருக்கா? சாப்பிட்டாளா?"

தையல்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது.

"தெரியலங்க" என்றாள். "பேசிக்கிட்டே இருந்தா. நான் அதைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."