காலி சீட்டும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரர் விமானக் கம்பெனியில வேலை பார்க்கிறார்னு சொன்னா, எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து "பைலட்டா?"ம்பாங்க. இல்லீங்க. அவர் விமானம் ஓட்டுறவர் இல்ல. எந்த ஊருக்கு எவ்வளவு பெரிய விமானம் போகணும்னு உக்காந்த இடத்துலேர்ந்தே முடிவு பண்றவர். மூணாவது மாடியில ஜன்னல் இல்லாத ஒரு அறை. அங்கேர்ந்து பார்த்தா ஒரு விமானம்கூடத் தெரியாது. ஆனா ஆறு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு எத்தனை பேர் போக ஆசைப்படுவாங்கன்னு அவருக்குத் தெரியும். பக்கத்துல இருக்கிற பொண்டாட்டி எங்க போக ஆசைப்படுறான்னு மட்டும் தெரியாது. அது வேற கதை. இல்ல, இதே கதைதான்.

ஆபீஸ்ல அவருக்கு ஹவுஸ்ஃபுல்னு பேரு. காலி சீட்டைக் கண்டாலே மனுஷனுக்கு ஆகாது. "கடையில சோப்பு விக்கலேன்னா நாளைக்கு விக்கலாம். விமானம் கிளம்பிருச்சுன்னா அந்தக் காலி சீட்டை யார் தலையில கட்டுறது?"ன்னு கேப்பார். கல்யாணமான புதுசுல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனார். படம் முடிஞ்சு வெளிய வந்ததும் எப்படியிருந்துச்சுன்னு ஆசையாக் கேட்டேன். "பால்கனி பாதி காலி. இந்தப் படத்துக்கு சின்ன தியேட்டரே போதும்"னார். அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

வீட்டுலயும் அதே கதைதான். சாப்பாட்டு மேஜைக்கு மூணே நாற்காலி. அவருக்கு, எனக்கு, மகளுக்கு. விருந்தாளி வந்தா நான் நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். மகளுக்குக் கல்யாணமாகி அவ வெளிநாடு போன அந்த வாரமே, அவ நாற்காலியைப் பரண்ல ஏத்திட்டார். "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னார். நான் ரெண்டு நாள் அவரோட பேசல. அதையும் அவர் கவனிக்கல.

மகள் இருக்கிற ஊருக்கு இங்கேர்ந்து நேரடி விமானம் ஒண்ணுதான். அவங்க கம்பெனி விமானமே. ரெண்டு மாடி, நாலு எஞ்சின், ஒரு தெருவையே உள்ள ஏத்திடலாம்ங்கிற மாதிரி இருக்கும். லீவு காலத்துல அதுல நிக்க இடம் இருக்காது. மத்த நாள்ல மேல்மாடி ஈ ஓட்டும். விமானக் கம்பெனிக் குடும்பம்னா எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதுக்கு ஸ்டாஃப் டிக்கெட்னு பேரு. கிட்டத்தட்ட ஓசி. ஆனா காசு குடுத்தவங்க எல்லாரும் ஏறினப்புறம் சீட் மிஞ்சினாத்தான் நம்ம பேரைக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் நல்ல துணி உடுத்தி, பாலிஷ் போட்ட ஷூவோட, வாயைத் திறக்காம ஓரமா உக்காந்திருக்கணும். எங்களுக்கு அது பழகிப்போச்சு. அந்த மாடி விமானத்துல எப்பப் போனாலும் எனக்கு ஜன்னலோரம்தான். கால் நீட்டிப் படுத்துக்கிட்டுகூடப் போயிருக்கேன்.

இதுல ஒண்ணை நல்லா கவனிங்க. விமானத்தை நிரப்புறது என் புருஷன் பொழப்பு. அது நிரம்பாம இருந்தாத்தான் என் பொழப்பு ஓடும். இருபத்தெட்டு வருஷமா ஒரே வீட்டுல குடித்தனம் பண்றோம், ரெண்டு பேருக்குமே இது உறைக்கல.

போன வருஷக் கடைசியில ஒருநாள் கேக் டப்பாவோட வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஜெயிச்சிட்டேன். மாடி விமானத்தை அந்த ரூட்லேர்ந்து தூக்கியாச்சு"ன்னார். அவரோட மேனேஜர் அதை கம்பெனியோட கௌரவம்னு பிடிவாதம் பிடிச்சாராம். இவர் விடல. மேல்மாடி காலியாப் போறதைச் சொல்லியிருக்கார். காலி சீட்டை நிரப்ப டிக்கெட்டை அடிமாட்டு விலைக்கு விக்கிறதையும், நாலு எஞ்சின் குடிக்கிற எண்ணெயையும் சொல்லியிருக்கார். லீவு சீசன் தவிர மத்த மாசத்துக்கெல்லாம் ரெண்டு எஞ்சின் உள்ள நடுத்தர விமானம் போதும்னு சாதிச்சுட்டார். "நியாயமான விலை குடுக்கிறவங்க எத்தனை பேரோ அத்தனை சீட். கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. சட்டை தைச்ச மாதிரி!" நானும் பெருமையா ரெண்டு துண்டு கேக் தின்னேன். இன்னிக்கு நினைச்சாலும் தொண்டையில அடைக்குது.

அதே மாசம்தான் மகள் முழுகாம இருக்கிறதா சொன்னா. குழந்தை பிறக்கிற தேதியை அவரே சமையலறைக் காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டார். அந்த வட்டம் விழுந்த மாசத்துலதான் அவர் விமானத்தைச் சின்னதாக்கியிருந்தார். வட்டம் போட்டதும் அதே கை, அந்த பிளான்ல கையெழுத்துப் போட்டதும் அதே கை. ஒரு கைக்கு இன்னொரு கை சொல்லலைன்னா பரவாயில்ல, ஒரே கைக்கு அதோட சேதியே தெரியாம போச்சு.

"அம்மா, நீ வந்துருவேல்ல? வலி வந்தா நீ பக்கத்துல இருக்கணும்"னு மகள் தினமும் போன்ல கேப்பா. "உங்கப்பன் தலையில அடிச்சு சத்தியம், வந்துருவேன்"னு சொன்னேன். சம்பந்தியம்மா அதே ஊர்ல நாலு தெரு தள்ளித்தான் இருக்காங்க. நல்லவங்கதான். ஆனா என் மகள் பெத்த குழந்தையை எனக்கு முன்னாடி அவங்க கையில வாங்கினா எனக்குத் தாங்காது. ஒளிச்சு வச்சு என்ன, சொல்லிட்டேன்.

தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கும்போதே பெட்டியைக் கட்டிட்டு ஏர்போர்ட் போய் உக்காந்தேன். எல்லாரும் ஏறினாங்க. கவுன்ட்டர் பொண்ணு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினா. "ஃபுல் ஆயிருச்சு ஆன்ட்டி." சரி, ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்னு திரும்பி வந்தேன். மறுநாளும் ஃபுல். அதுக்கடுத்த நாளும் ஃபுல். வாசல்ல டாக்ஸி வந்து நிக்கிறப்பல்லாம் எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல்லேர்ந்து எட்டிப் பார்ப்பா. "என்னக்கா, அதுக்குள்ள போயிட்டு வந்தாச்சா? பேரனா, பேத்தியா?" எனக்கு வந்த கோபத்துக்கு டாக்ஸிக்காரனையே கடிச்சு வச்சிருப்பேன்.

ஒருநாள் பெட்டியைக் கூடத்துலயே தொப்புன்னு போட்டேன்.

"ஏங்க, அந்த மாடி விமானத்தை ஒரு மாசத்துக்குத் திருப்பி விடுங்களேன்."

"விளையாடுறியா? உனக்காக ஒரு விமானத்தை மாத்தச் சொல்றியா?"

"எனக்காகன்னு சொல்ல வேணாம். தேவை கூடிருச்சுன்னு சொல்லுங்க."

"தேவைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" ஆபீஸ் குரல் வந்துருச்சு. "காசு குடுத்து ஏறத் தயாரா இருக்கிற ஆளுதான் தேவை. மிச்ச சீட்டுக்குக் காத்திருக்கிறவங்களை அதுல சேர்க்க மாட்டோம்."

"அப்ப நான் உங்க கணக்குலயே இல்ல."

கூடத்துல கிடந்த என் பெட்டியை நிமிர்த்தி வச்சார்.

"நானும் இல்ல, பிரசவத்துக்குக் காத்திருக்கிற உங்க பொண்ணும் இல்ல"ன்னேன். "சட்டை தைச்ச மாதிரின்னு சொன்னீங்களே, நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. கையை விட இடமில்ல."

அப்ப மகள் போன் பண்ணினா. தேதி வரைக்கும் தாங்காது, இந்த வாரமே ஆகிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். போனை அவர் கையில குடுத்தேன். "அப்பா, அம்மாவை அனுப்புப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அவர் சாப்பாட்டு மேஜையில லேப்டாப்பைத் திறந்தார். "உன் பாஸ்போர்ட்டைக் குடு"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. விமானக் கம்பெனிக்காரன் காசு குடுத்து டிக்கெட் வாங்குறதுங்கிறது அவங்க ஆபீஸ்ல வெளிய சொல்ல முடியாத அவமானம். இந்த மனுஷன் ஆயுசுல வாங்கினதில்ல. எந்தப் பட்டனை அமுக்கணும்னே தெரியல. திக்கித் திணறி ஒவ்வொரு பக்கமா போனார்.

"இப்பத்தான் ஒரு விலை காட்டுச்சு, அதுக்குள்ள ஏத்திட்டான்! எந்தப் பாவி இப்படி விலை வைக்கிறான்?"

"யாருங்க வைக்கிறது?"

"என் பக்கத்து மேஜைக்காரன்தான்"னார். "சீட் கம்மியா இருந்தா ஏத்தச் சொன்னதே நான்தான்." இதுக்குப் பேருதான் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறது. நான் சிரிச்சுட்டேன். அவரும் அசடு வழிஞ்சார்.

கடைசி வரிசையில, கழிவறையை ஒட்டி, நடு சீட் ஒண்ணு மிச்சமிருந்துச்சு. அதுதான் கிடைச்சுது. பணம் போய்ச் சேர்ந்ததும் என்னைப் பார்த்து, "இப்ப நீ தேவை"ன்னார்.

"எத்தனை வருஷம் கழிச்சு!"ன்னேன்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்குக் கூடவே வந்தார். கையில ஒரு சின்னப் பை. குழந்தைத் துணி ஏதோ வாங்கி வச்சிருக்கார் போலன்னு நினைச்சேன். உள்ள போறப்ப கேட்டதுக்கு, "அது இருக்கட்டும், நீ போ"ன்னு தள்ளிவிட்டார். ராணி மாதிரி முதல் ஆளாப் போய் அந்தக் கழிவறை சீட்டுல உக்காந்தேன். உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. கோட் போட்டிருந்தார். ஷூவுக்கு பாலிஷ் போட்டிருந்தார். பொண்டாட்டியை வழியனுப்ப வர்றவர் எதுக்கு ஷூவுக்கு பாலிஷ் போடணும்? அது அவர் பை. மிச்ச சீட்டுக்குப் பேர் குடுத்துட்டு அந்த ஓரத்துல உக்காந்திருக்கார்.

அப்புறம் கதவுலேர்ந்து என் கண்ணை எடுக்க முடியல. கடைசி நேரத்துல ஒரு தொப்பிக்காரர் வந்தார். கைக்குழந்தையோட ஒரு அம்மா வந்தாங்க. மூச்சு வாங்க ஒரு பையன் ஓடி வந்தான். ஒவ்வொரு தடவையும் எக்கி எக்கிப் பார்த்தேன். யாராவது வராம இருக்கணுமேன்னு வேண்டினேன். அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க.

போன் அடிச்சுது. "ஹவுஸ்ஃபுல்!"னார். "ஒரு சீட்கூட மிச்சமில்ல. நான் சொன்னேன்ல?" ஜெயிச்ச குரல்லதான் ஆரம்பிச்சார். பாதியில உடைஞ்சிருச்சு. "நீ பக்கத்துல இரு. பயப்படுவா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டார். நான் ரெண்டு முன்பின் தெரியாதவங்களுக்கு நடுவுல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டே போனேன்.

நல்லபடியா போய்ச் சேர்ந்தேன். வலி வந்தப்ப மகள் என் கையைத்தான் பிடிச்சுக்கிட்டா. இன்னமும் மோதிர விரல் வலிக்குது. பொண்ணு பிறந்தா. நர்ஸ் துணியில சுத்தி என் கையில குடுத்தா, சம்பந்தியம்மா பார்த்துக்கிட்டே இருக்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை டிக்கெட் வேணும்னாலும் வாங்கலாம்.

அங்க அவர் நிலைமை சிரிப்பாச் சிரிச்சுது. தினமும் பையைத் தூக்கிட்டு ஏர்போர்ட் போறார், ஃபுல்லுன்னு திரும்பி வர்றார். எதிர்வீட்டு டீச்சர் இப்ப அவரைப் பிடிச்சுக்கிட்டா. "இன்னொரு டிக்கெட் வாங்கித் தொலைங்களேன்"னு போன்ல கத்தினேன். "வாங்கலாம்னுதான் பார்த்தேன், விக்கிறதுக்கே சீட் இல்ல"ன்னார். அவ்வளவு கச்சிதம் அவர் வேலை. கடைசியில வேற வேற கம்பெனி விமானமா மூணு ஏறி, எங்கெங்கேயோ இறங்கி, உலகத்தைச் சுத்திக்கிட்டு ஒருநாள் மத்தியானம் வந்து நின்னார். கோட் கசங்கி, கண் உள்ள போய். ஷூ மட்டும் பளபளன்னு.

மகள் வீட்டுக் கூடத்துல ஒரு சோஃபா, ரெண்டு நாற்காலி. குழந்தை சம்பந்தியம்மா மடியில தூங்குது. அவங்களுக்கு அடுத்து நான். கை கழுவிட்டு வந்து ஓரத்து நாற்காலியில உக்காந்தார். ரெண்டு கையையும் மடியில மலர்த்தி வச்சுக்கிட்டு பார்த்துக்கிட்டே இருந்தார். கேக்கல. கேக்க அவருக்கு வரல.

"எல்லாரும் ஏறினப்புறம் மிச்சமிருந்தா உங்க பேரைக் கூப்பிடுவோம்"னேன். "அதுவரைக்கும் சத்தம் போடாம உக்காந்திருங்க."

மகள் சிரிச்சா. அவர் சிரிக்கல. நிஜமாவே சரின்னு தலையாட்டினார். அந்த வெறும் மடியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னைச் சோதிச்சதெல்லாம் இருக்கட்டும், இந்த மனுஷன்மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. சம்பந்தியம்மாவைக் கேக்காமலே குழந்தையைத் தூக்கி அவர் மடியில வச்சேன்.

அசையாம உக்காந்திருந்தார். அப்புறம், "வீட்டுல பரண்ல இருந்த நாற்காலியை இறக்கித் துடைச்சு வச்சேன்"னார். "ஊருக்குப் போனதும் இன்னொண்ணும் வாங்கணும்."

"இவளுக்கா? ரெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு சீட் கிடையாது, மடிதான்னு நீங்கதானே சொல்வீங்க? அதுவும் இவங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. மத்த நாள்ல அந்த ரெண்டு நாற்காலியும் காலியால்ல கிடக்கும்?"

குழந்தையோட விரலை மெதுவாப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"கிடந்தா கிடந்துட்டுப் போகட்டும்."