எல்லாருக்குமான திடலுக்கு ஒரு கடப்பு

1

ஒரு கூட்டத்தில் நீங்கள் வாய் திறந்து சொன்னதை எல்லோரும் ஒரே மனதாய் ஏற்றுக்கொண்ட நாள் என்று ஒன்று உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை. சிவலட்சுமிக்கு ஒரு நாள் இருந்தது.

கதை என்னுடையதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓமந்தைக்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கதை நடந்த தர்மபுரத்தில் பஸ்ஸால் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்ததுகூட இல்லை. இப்போது ஜெர்மனியில் ஓர் உணவகத்துக் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன். எனக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரிக்கிறவர் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை. முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இருந்த காலத்தில் அங்கே ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தார்கள். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். மூன்று நாள் கிழங்குக்கு மேல் துண்டு துண்டாகச் சொன்னார். முடிவில், "உதையெல்லாம் எழுதிப்போடாதை, கண்டியோ" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: வன்னி வானம் இரத்தச் சிவப்பாய்ச்

(அடித்துவிட்டேன். நான் பார்க்காத வானம்.)

இரண்டாவது: போர் தின்ற மண்ணில் பூத்த ஒரு

(இதை முடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.)

மூன்றாவது: திடல் குழுத் தலைவர் கனகலிங்கம் பொல்லாத மனிதர்.

இதோடு நாலு பக்கம் போனேன். நன்றாகவே ஓடியது. பொல்லாத ஒருவர் கிடைத்தால் கதை தன்பாட்டில் ஓடும், எழுதுகிறவனுக்கு வேலை இல்லை. ஆனால் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை சொன்ன கனகலிங்கம் பொல்லாதவர் அல்ல. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "எல்லாருக்குமான திடல்" என்று பலகையில் தன் கையாலேயே எழுதி, காயமுன் விரல் பட்டு, "ரு"வில் ஒரு வால் நீண்டுவிட்டதற்காக இரவெல்லாம் கவலைப்பட்டவர். நாலு பக்கத்தையும் கிழித்தேன்.

ஆகவே பொல்லாதவர் யாரும் இல்லாமல் தொடங்குகிறேன்.

3

இரண்டாயிரமாம் ஆண்டு, மாரிக்கு முன். சனசமூக நிலையத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெறுங்காணி. சின்னப்பிள்ளைகளுக்கு டயர் ஊஞ்சல், வயது போனவர்கள் குந்தியிருக்க மரக்குற்றிகள், சுற்றிவர வேப்பங்கன்றுகள், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து. தடையால் சீமெந்து வராத காலம். வளையம் ஒரு பழைய சைக்கிள் றிம்.

அந்த வளையத்தை வழமையைவிடப் பதிவாக, உயரம் குறைத்துக் கட்டவேண்டும் என்று குழு முடிவெடுத்தது. காரணம் ராஜினி.

ராஜினி சிவலட்சுமியின் ஒரே மகள், பதினைந்து வயது. பள்ளிக்கூட அணியில் வளையத்துக்குப் பந்து போடுகிறவள். பரந்தனில் தங்கள் பழைய வளவைப் பார்க்கப் போன இடத்தில் மிதிவெடி. இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. கையால் சுழற்றி ஓட்டுகிற மூன்று சில்லு வண்டி ஒன்றை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. வண்டியைக் கோழிதான் பாவித்தது. இரவில் அதன் கைபிடியில் ஏறிப் படுக்கும். ராஜினி வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. சிவலட்சுமி கெஞ்சினாள், ஏசினாள், பட்டினி கிடந்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

திடல் கதை ஊரில் அடிபட்ட பிறகு ஒரு நாள் ராஜினி தானாகவே கேட்டாள்.

"வளையம் கொஞ்சம் பதிச்சுக் கட்டுவினமோ, அம்மா? நான் இருந்துகொண்டே எறிவன்."

சிவலட்சுமி அன்றைக்கே கோழியைக் கலைத்துவிட்டு வண்டியைக் கழுவினாள்.

4

இப்போது அந்தக் கூட்டம்.

சிவலட்சுமி குழுவில் பெண்கள் சார்பில் இருந்தாள். மலையகத்திலிருந்து சின்ன வயதில் அடிபட்டு ஓடிவந்த குடும்பம். வந்து கனகாலம் ஆனாலும், கூட்டத்தில் அவள் தேத்தண்ணி ஊற்ற எழும்பும்போதுதான் மற்றவர்கள் அவள் பக்கம் திரும்புவார்கள். அவளும் அங்கே சொல்லை அளந்து, ஊர்க்காரர் பேசுகிற மாதிரிப் பேசுவாள். வீட்டில்தான் தோட்டத்துத் தமிழ்.

"கன்று நட்டா மாடு விடாது. நல்ல படலையாப் போடுவம்," என்றார் கனகலிங்கம்.

வேலி அடைக்கிற ராசு சிரித்தான். "படலை போட்டா ஆரண்ணை சாத்திறது? எங்கட சனம் திறக்கத்தானே பழகினது."

"அப்ப எங்களுக்குப் போல மாட்டுக்கும் ஒரு பாஸ் குடுப்பம்," என்றார் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை. "பாஸ் இல்லாத மாடு உள்ளுக்கு வரக்கூடாது."

"நீர் பகிடியை விடும் ஐசே. கன்று முழுக்கத் திண்டு போட்டுதெண்டா என்ன செய்யிறது?"

அரை மணித்தியாலம் இழுபட்டது. சிவலட்சுமி கையிலிருந்த கேத்திலைக் கீழே வைத்தாள்.

"கடப்பு வைச்சா என்ன?"*

ராசு தொடையில் தட்டினான். "அட! செலவும் இல்லை. நாலைஞ்சு பாலைக் கட்டை போதும்."

"பாத்தியளே!" என்றார் கனகலிங்கம். "இவ்வளவு ஆம்பிளையள் இருந்து என்ன பிரயோசனம்? அக்கா வாய் திறந்தா விசயம் வரும்."

எல்லாக் கையும் உயர்ந்தது. தன் கையையும் உயர்த்த வேண்டுமா என்று தெரியாமல் சிவலட்சுமி பாதி உயர்த்தினாள்.

வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னைக்கி நா சொன்னத எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ராசினி."

"என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல மாட்டேன். அத நீ வந்து பாரு."

* வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விட்டு, இரண்டு பக்கமும் கட்டை நட்டு, நடுவில் முழங்கால் உயரத்துக்குக் குறுக்குக் கட்டைகளை அடுக்கிவிடுவார்கள். அதுதான் கடப்பு. ஆள் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போகும். மாடு நின்றுவிடும். சிவலட்சுமி தன் வீட்டுக் கோடியில் கத்தரித் தோட்டத்துக்கு இப்படி ஒன்று வைத்திருந்தாள். வெடிக்குப் பிறகு ராஜினி அந்தத் தோட்டத்துக்குள் போனதே இல்லை. ஏன் போவதில்லை என்று சிவலட்சுமி யோசித்ததில்லை. பிள்ளைக்கு மனமில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

5

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நானும் நம்பவில்லை. வளையத்தைப் பதித்துக் கட்டுகிற அளவுக்கு அந்தப் பிள்ளையை நினைத்தவர்களுக்கு, வாசல் நினைவுக்கு வரவில்லையா? ஸ்ரனிஸ்லஸ் அண்ணையிடம் கேட்டேன்.

"ஒருத்தருக்குமே வரேல்லையோ, அண்ணை?"

அவர் கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பாலைக் கட்டையைக் காட்டில இருந்து தோளில கொண்டந்தது ஆரெண்டு நினைக்கிறாய்?" என்றார்.

6

திறப்பு விழா தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு. உழவு மெசினின் பற்றரியில் ஒலிபெருக்கி. முதல் பந்தை ராஜினி எறிவதாக ஏற்பாடு.

அவள் மஞ்சள் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் கட்டி, பந்தை மடியில் வைத்துக்கொண்டு தானே வண்டியைச் சுழற்றி வந்தாள். "பின்னால தள்ளினியள் எண்டா திரும்பிப் போயிடுவன்" என்று சொல்லியிருந்தபடியால் சிவலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு பின்னே நடந்தாள். ஒழுங்கையில் சனம் விலகி வழி விட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு மகள் தெருவில் போகிறாள். சிவலட்சுமிக்குக் காலடியில் நிலம் இருந்ததா என்று தெரியவில்லை.

கனகலிங்கம் ஒலிவாங்கியில் இருந்தார். அவருக்குப் பார்வை குறைவு. ஒழுங்கையில் வருவது அவருக்குத் தெரிந்திருக்காது.

"மாடு வராமல் இந்தக் கடப்பு யோசனையைத் தந்தவா எங்கட சிவலட்சுமி அக்கா! எல்லாரும் ஒருக்கால் பலமாக் கை தட்டுங்கோ!"

கை தட்டினார்கள். வண்டியின் முன்சில்லு கட்டையில் முட்டி நின்றது.

ராஜினி கட்டையைப் பார்த்தாள். திரும்பவில்லை. அவளுடைய பின்னல்களுக்கு நடுவிலுள்ள வகிட்டைத்தான் சிவலட்சுமியால் பார்க்க முடிந்தது.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ! மாலை போடவேணும். வாங்கோ, வாங்கோ!"

அப்போது சிவலட்சுமி

அப்போது அவள் தன் மகளை

(இந்த இடத்தில் ஏழு இரவு நின்றேன். அவளை ஓடவிட்டுப் பார்த்தேன், அழவிட்டுப் பார்த்தேன், கனகலிங்கத்தைப் பார்த்து ஏசவும் விட்டேன். அவள் செய்தது அதில் ஒன்றும் இல்லை.)

சிவலட்சுமி காலைத் தூக்கிக் கடப்பைத் தாண்டி உள்ளே போனாள்.

கூப்பிட்டார்கள், போனாள். கால் பழக்கத்தில் தூக்கியது. மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

7

முடிவுகள்.

அ) நாலு பேர் ஓடிவந்து வண்டியோடு ராஜினியைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். சனம் ஆர்ப்பரிக்கிறது.

ஓடிவந்தது உண்மை. ராஜினி, "தொடாதேங்கோ" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

ஆ) ராஜினி வெளியே இருந்தபடியே வேலிக்கு மேலால் பந்தை எறிகிறாள். பந்து வளையத்துக்குள் விழுகிறது.

இதை எழுதி முடித்துவிட்டு நான் அழுதேன். சுகமான அழுகை. அதனால்தான் பொய் என்று கண்டுபிடித்தேன். இன்னொருத்தியின் பிள்ளையை வைத்து எனக்குச் சுகமா? கிழித்தேன்.

இ) கனகலிங்கம் விசயம் விளங்கி ஓடிவந்து, "உதைப் பிடுங்கடா ராசு" என்று காதுக்குள் சொன்னார். "சபைக்கு முன்னாலயோ, அண்ணை? கட்டை பிடுங்க அலவாங்கும் இல்லை. முடியட்டும்," என்றான் ராசு. நிகழ்ச்சி நடந்தது. ஊஞ்சல் ஆடியது. வலைப்பந்துக்குப் பந்து வேண்டுமென்று பிள்ளைகள் வேலியோரம் வந்து கேட்டார்கள். ராஜினி மடியிலிருந்த பந்தை எடுத்துக் கொடுத்தாள். மாலையோடு நின்ற தாய் வெளியே வரும்வரை காத்திருந்து, வண்டியைத் திருப்பினாள்.

மூன்றாவதுதான் நடந்தது.

8

அன்று பொழுதுபடச் சிவலட்சுமி சோறு போட்டாள். மாலையைக் குசினிக் கூரையில் செருகியிருந்தாள். எறியவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது. ராஜினி பிசைந்து சாப்பிட்டாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாத்தன், அம்மா."

அவ்வளவுதான். அத நீ வந்து பாரு என்று தாய் சொன்னதற்கு மறுமொழி.

சிவலட்சுமியே இதைப் பிறகு ஸ்ரனிஸ்லஸ் அண்ணையின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாள் பிள்ளை, குத்திக் காட்டியா, தேற்றியா, விளையாட்டாகவா என்று அவர் மனைவி கேட்டதற்கு, "தெரியலீங்க" என்றாளாம். நான் மூன்று விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் அறையில் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு வருகிற தொனியை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைத் தீர்மானிக்க உரிமை இல்லை. மறுநாள் காலை என்ன நடந்தது என்பது மட்டும் தெரியும்.

9

மறுநாள் காலை சிவலட்சுமி ராசுவின் வீட்டில் அலவாங்கு இரவல் வாங்கிப் போய், கடப்புக் கட்டைகளைப் பிடுங்கி வேலியோரம் போட்டாள். வெயில் ஏறுமுன் மாடுகள் உள்ளே போய் வேப்பங்கன்றுகளைக் கடித்தன. ராஜினி வீட்டில் இருந்தாள். வண்டியின் கைபிடியில் கோழி ஏறி நின்றது.