வெள்ளை ரூம்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெல்டிங் பட்டறைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது சித்திரமாடம் லாட்ஜ். பன்னிரண்டு ரூம். எதற்கும் நம்பர் கிடையாது. ரூமுக்கு ஒரு சுவர் முழுக்கப் படம். மயில் ரூம், தேர் ரூம், மீன்காரி ரூம் என்று படத்தை வைத்துத்தான் பேர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு நட்டு போல்ட்டு விற்க வருகிற கோயமுத்தூர்க்காரனுக்கு மயில் எதற்கு என்று கங்காதரனுக்கு விளங்கவில்லை. வாடகையைக் கூட்டி வாங்க ஒரு வழி, வேறென்ன என்று முணுமுணுத்துக்கொண்டுதான் படியேறினார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாசம், காலை பத்து மணி.

அவர் வந்தது மயிலைப் பார்க்க இல்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்க்க.

தாட்சாயிணி செத்து ஐந்து வருஷம் ஆகிறது. மஞ்சக்காமாலை. அவளுக்கென்று ஒரு போட்டோ கிடையாது. மாங்காட்டுக் கோயிலில் தாலி கட்டினபோது படம் எடுக்கிறவனைக் கங்காதரனே துரத்திவிட்டார், பொம்பளை படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வானோ என்று. ஆவடியில் அவர் வேலை பார்த்த பேக்டரியின் வைத்திய அட்டையில் மட்டும் ஸ்டாம்பு அளவுக்கு ஒன்று இருந்தது. ரிட்டையர் ஆனபோது அட்டையைத் திருப்பிக் கொடு என்றார்கள். கொடுத்துவிட்டார். படத்தைக் கிழித்துக்கொண்டு கொடுக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது கொஞ்ச நாளாகக் கண்ணை மூடினால் அவள் புடவை வருகிறது, நடை வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம், இப்போது குடியிருக்கிற வேப்பம்பட்டு ஸ்டேஷனில் எலக்ட்ரீஷியன் உத்தமனைப் பார்த்தார். ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரன். பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்:

"அண்ணாத்தே, போன வருசம் ஓ.டி. லாட்ஜில பேன் மாட்டப் போனேன். நம்ம மனோகரன் அங்க சொவுத்துல படம் போட்டுகினு இருந்தான். அண்ணிதான். அப்படியே உக்காந்துகினு கீறாங்க. எனக்கே ஒடம்பு சிலிர்த்துப் போச்சி."

ஏண்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கங்காதரன் கேட்டார். உனக்கும் உன் பிள்ளைக்கும் பேச்சு இல்லையே, நான் எதற்கு நடுவில் என்றான் அவன். அதுவும் நிஜம்தான்.

பேச்சு நின்றது சுவரால். அம்மா செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் மனோகரன் குவார்ட்டர்ஸ் சமையற்கட்டுச் சுவரில் அவளை வரைந்தான். வண்டிக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட். கங்காதரன் திட்டினார், ஆனால் அழிக்கவில்லை. மூன்று வருஷம் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் சோறு தின்றார். ரிட்டையர் ஆனதும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கிறபோது சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சாவி வாங்க வருகிறவன் ஆணி ஓட்டையைக்கூட எண்ணுவான். பையன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கங்காதரன் சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்தார்.

முதல் கோட்டு அடித்தபோது அவள் மறையவில்லை. சுண்ணாம்பு ஈரமாக இருக்கிற வரைக்கும் அடியில் இருப்பது தெரியும், காய்ந்தால்தான் வெள்ளை. ஈரத்துக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காயும்வரை நின்றுவிட்டு இரண்டாம் கோட்டு அடித்தார். பிறகு மூன்றாவது. சாயங்காலம் வந்த மனோகரன் சுவரைப் பார்த்தான். "ரெண்டாந்தபா கொள்ளி வச்சிட்டியே நைனா" என்றான். பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். கடுதாசி இல்லை, ஒன்றுமில்லை.

லாட்ஜ் முதலாளி மணவாளன் வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முலாம் பூசுகிற பட்டறை வைத்திருந்தவர். அதை விற்றுவிட்டு இதைக் கட்டினார். படம் போடுகிற பையன்களுக்கு ஒரு மாசம் ரூமும் சாப்பாடும் இனாம், பதிலுக்கு ஒரு சுவர், அதுதான் கணக்கு. கங்காதரன் ஊரையும் பேரையும் சொன்னார், யார் என்று சொல்லவில்லை. மனோகரன் என்று ஒருத்தன் படம் போட்ட ரூம்தான் வேண்டும் என்றார்.

"வெள்ளை ரூமா? அதில படமே கிடையாதே பெரியவரே. மயில் ரூம் காலியாத்தான் கீது, அத்த எடுத்துக்குங்க."

படம் போட்டான் என்றார்களே என்று கங்காதரன் கேட்டார்.

மணவாளன் சொன்னார். இருபத்து மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டானாம். ஒரு அம்மா, கையில் டம்ளர். பன்னிரண்டு ரூமிலும் அதுபோல ஒன்று இல்லை என்று மணவாளனே நினைத்தாராம். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சுண்ணாம்பும் மட்டையும் கேட்டானாம். ஓரத்தில் சிந்தினதைத் துடைக்கப் போகிறான் என்று இவர் வாங்கிக் கொடுத்தாராம். மத்தியானம் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளை.

"இன்னாய்யா பண்ணிட்டேன்னு கேட்டேன். 'ரூமை ஒப்படைக்கும்போது சொவுரு சுத்தமா இருக்கணும் சார், எங்க ஊட்டுப் பழக்கம்'னு சொல்லிட்டு, சாவியக் குடுத்துட்டுப் பூட்டான். இன்னா ஊடோ, இன்னா பழக்கமோ."

கங்காதரன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த ரூமையே கொடு என்றார். மணவாளன் ஒரு மாதிரி பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

மாடியில் கடைசி ரூம். ஒரு கட்டில், ஒரு பேன், எதிரே வெள்ளைச் சுவர். ஜன்னலுக்கு வெளியே ஆவடி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தமும், வெல்டிங் புகையும், கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தமும். கங்காதரன் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டினார். ஒரே கோட்டு. ஒரே ஒரு கோட்டு. மூன்று கோட்டு அடித்தால்தான் நனைத்தாலும் தெரியாமல் மறையும் என்று தெரியாதவனா அவன்? அவர் கூடவே நின்று வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடித்தவன்.

அப்படியானால் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். தெரிந்தவன் வந்தால் பார்க்கட்டும் என்று. தெரிந்தவன் யார் இருக்கிறான், இவரைத் தவிர?

பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவந்தார். தோள் துண்டை நனைத்து, பிழிந்து, முகம் இருக்கும் என்று தோன்றின உயரத்தில் ஒற்றினார். முதலில் சாம்பல் நிறம். பிறகு மங்கலாக ஒரு புருவம். இன்னும் நனைத்தார். மூக்கு வந்தது, வாய் வந்தது, நெற்றியில் காலணா அளவு குங்குமம் வந்தது. காதில் கம்மல். வலது கம்மலில் ஒரு கல் இல்லை. கல் வைத்துக் கொண்டுவா என்று அவள் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆசாரி கல்லை மாற்றிவிடுவான் என்று இவர் கொடுக்கவே இல்லை. பையன் அதைக்கூட விடவில்லை. கல் விழுந்த குழியை அப்படியே போட்டிருந்தான்.

கங்காதரன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். இதுதான் முகம். இதைத்தான் காணோம் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். டம்ளரை யாருக்கோ நீட்டுகிறாள். யாருக்கென்று அவருக்குத் தெரியும்.

பேன் காற்றில் சுவர் காய்ந்தது. அவள் போனாள். மறுபடி நனைத்தார், வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இறங்கவில்லை. நாலைந்து முறை ஆனபிறகு, இந்த ஒரு கோட்டையும் எடுத்துவிட்டால் நிரந்தரமாக நிற்பாளே என்று தோன்றியது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனாமல் பெயின்ட் அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் பேக்டரியில் பார்த்தது. மேலே சுண்ணாம்பு அடித்தால் கழுவி எடுத்துவிடலாம், பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. பையன் போடுகிற பெயின்ட் வேறென்னவாக இருக்கும்? துண்டைச் சொட்டச் சொட்ட நனைத்து, அழுத்தித் தேய்த்தார்.

சுண்ணாம்பு வந்தது. துண்டைப் புரட்டினார். துண்டில் சிவப்பு.

என்னவென்று உடனே புரியவில்லை. இன்னொரு முறை தேய்த்துவிட்டார். பிறகுதான் சுவரைப் பார்த்தார். நெற்றிக் குங்குமம் மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணின் கறுப்பு கன்னத்தில் இறங்கியது. பையன் இங்கே போட்டது பொடிச் சாயம். கோந்தில் குழைத்தது. தண்ணீர் வைத்துத் தேய்த்தால் நிற்காது. கங்காதரன் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து, வழிகிறதைத் தடுக்கப் பார்த்தார். கைக்குள்ளேயும் வழிந்தது. காலையிலிருந்து ஒற்றின ஒவ்வொரு ஒற்றலிலும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அழுக்குத் துண்டு, அதுவரை நிறம் தெரியவில்லை.

சாயங்காலம் காபி வேண்டுமா என்று கேட்க வந்த மணவாளன் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். தரையில் தண்ணீர். சுவரில் சேறு மாதிரி ஒரு கலக்கல். அதன் ஓரத்தில் ஒரு காதும் கல் விழுந்த கம்மலும் மட்டும் தப்பியிருந்தன. கிழவர் கட்டிலில் இல்லை, சுவருக்குக் கீழே ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் சிவப்பு.

திட்டுவதற்கு வாயைத் திறந்த மணவாளன் அந்த முகத்தைப் பார்த்தார், காதையும் பார்த்தார். வேப்பம்பட்டு கங்காதரன் என்று காலையில் எழுதின பேர் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மனோகரனும் லாட்ஜ் புத்தகத்தில் அப்பா பேர் எழுதித்தானே ரூம் எடுத்தான்.

"நீங்க அவங்க நைனாவா?"

கங்காதரன் தலையாட்டினார்.

மணவாளன் சமாதானம் சொல்லுகிறதாக நினைத்துக்கொண்டு சொன்னார், நாளைக்கே ஆளை விட்டு ஒரு வெள்ளை அடித்துவிடுகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று.

"வேணாம்." கங்காதரன் குரல் சுவரில் முட்டிக்கொண்டு வந்தது. "அடிக்காதே. இப்படியே வுடு."

ஆயுசுக்கும் அவர் ஒருத்தனிடம் கேட்டது அது ஒன்றுதான். மணவாளன் சரி என்றார். வடக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், என்றைக்காவது வருவான், வந்தால் உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

கங்காதரன் துண்டை உதறாமல் நாலாக மடித்தார். கையூன்றி எழுந்தார். சாவியை மணவாளன் கையில் வைத்தார்.

"வந்தான்னா, நான் வந்தேன்னு சொல்லாதே. சொவுத்துல ஓதம் ஏறிடுச்சின்னு சொல்லு."